4க்கு 7 அடி பாத்ரூமை எடுப்பாக அமைப்பது எப்படி?

கேள்வி இது: அபார்ட்மென்ட்டில் 4 அடிக்கு 7 அடி பாத்ரூம். பழைய டைல்ஸை உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யப் போகிறார்கள். சின்ன இடம் அடைசலாகத் தெரியாமல், பார்க்க எடுப்பாக இருக்க என்ன டைல்ஸ், என்ன ஃபிட்டிங்ஸ் வாங்கலாம்?

டைல்ஸ் கடைக்குப் போவதை முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். சின்ன பாத்ரூம் அழகாகத் தெரிவதற்கு மூன்று காரணங்கள்தான்: தரை காய்ந்திருக்க வேண்டும், குழாயும் தொட்டியும் கண்ணில் படக் கூடாது, டைல்ஸ் கோடுகள் நேராகப் போக வேண்டும். இந்த மூன்றும் டைல்ஸுக்கு அடியில், சுவருக்குள் நடக்கிற வேலைகள். அங்கே பணத்தையும் நேரத்தையும் போட்டால் சாதாரண விலை டைல்ஸே நன்றாக இருக்கும். அங்கே கோட்டை விட்டால் எந்த இத்தாலியன் ஃபிட்டிங்கும் காப்பாற்றாது.

முதலில் 7 அடி நீளத்தை, அதாவது 84 இன்ச்சை, எப்படிப் பிரிப்பது என்று தாளில் போட்டுப் பாருங்கள். கதவு 4 அடி சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவிலிருந்து முதல் 20 இன்ச் வாஷ்பேசினுக்கு, அடுத்த 30 இன்ச் கமோடுக்கு, கடைசி 34 இன்ச் குளிக்க. கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 இன்ச் இருந்தால்தான் உட்கார்ந்தால் முழங்கை இடிக்காது. அதற்குத்தான் 30 இன்ச். பேசினும் கமோடும் ஒரே நீளச் சுவரில், டக்ட் (கழிவுக் குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளி) இருக்கிற பக்கமாக வரட்டும். எதிர்ப் பக்கம் முழுக்க நடைபாதை. கமோடை டக்ட்டிலிருந்து தள்ளி வைக்க ஆசைப்படாதீர்கள். 4 இன்ச் கழிவுக் குழாய்க்கு வாட்டம் கொடுக்க சன்கன் ஸ்லாபில் (பாத்ரூமுக்காகக் கீழே இறக்கிக் கட்டிய கான்கிரீட் தளத்தில்) ஆழம் போதாமல் போகும், பிறகு அடைப்புதான்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது ஸ்லைடிங் போடுங்கள். உள்பக்கம் திறக்கும் 30 இன்ச் கதவு, பேசினுக்கு முன்னால் நிற்கும் இடத்தையே விழுங்கிவிடும்.

இந்த அளவு பாத்ரூமில் அதிகப் பலன் தருவது ஒரு அரைச்சுவர். பேசின், கமோடு இரண்டுக்கும் பின்னால் 6 இன்ச் தடிமனில், மூன்றரை அடி உயரத்தில் ஒரு லெட்ஜ் கட்டுங்கள். கன்சீல்டு சிஸ்டர்ன் (சுவருக்குள் மறையும் ஃபிளஷ் தொட்டி), தண்ணீர்க் குழாய்கள், பேசினின் வேஸ்ட் பைப் எல்லாம் அதற்குள் போய்விடும். மேலே ஒரே துண்டாக கிரானைட் அல்லது குவார்ட்ஸ் பலகை வைத்தால் சோப்பு, பிரஷ் வைக்கத் தனி ஷெல்ஃப் வேண்டாம். 6 இன்ச் இழக்கிறோமே என்று தோன்றும். ஆனால் சுவரில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் ஆங்கிள் காக், கனெக்‌ஷன் பைப், பாட்டில் டிராப், ஷெல்ஃப் ஆகியவை கண்ணுக்குத் தின்னும் இடம் அதைவிட அதிகம். இந்த லெட்ஜ் குளிக்கும் பகுதி தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். குளிக்குமிடத்துக்கு முழு 4 அடி அகலமும் கிடைக்கட்டும்.

கமோடு சுவரில் தொங்குவதாக இருந்தால் தரை சுவர் வரை தெரியும், அறையே பெரிதாகத் தோன்றும். 48 இன்ச் அகலத்தில் லெட்ஜுக்கு 6 போக, 19 இன்ச் நீளும் குட்டை மாடல் வாங்கினால் முன்னால் 23 இன்ச் மிஞ்சும். 21 இன்ச்சுக்குக் கீழே போனால் முழங்கால் சுவரில் இடிக்கும். இங்கே பழைய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பழைய எஸ்-டிராப் (கழிவு தரை வழியாக இறங்கும்) கமோடின் துளை பெரும்பாலும் சுவரிலிருந்து 9 இன்ச் தள்ளி இருக்கும். 6 இன்ச் லெட்ஜ் அதை மறைக்காது. தரையை உடைத்து அந்த 110 எம்எம் குழாயைச் சுவரோரம் நகர்த்தி, லெட்ஜுக்குள் மேலே ஏற்றி, எல்போ போட்டுத் தரையிலிருந்து சுமார் 22 சென்டிமீட்டர் உயரத்தில் வெளியே விட வேண்டும். மாடலுக்கு மாடல் இந்த உயரம் மாறும் என்பதால் கமோடும் சிஸ்டர்னும் கையில் வந்த பிறகே பிளம்பர் குழாய் வைக்கட்டும். சிஸ்டர்னின் தடிமன் 6 இன்ச்சுக்குள் அடங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தொங்கும் கமோடுக்கு இரும்பு ஃபிரேமைக் கான்கிரீட் தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நாலரை இன்ச் செங்கல் சுவரை மட்டும் நம்பி மாட்டினால் நாளடைவில் ஆட்டம் காணும், டைல்ஸ் விரியும்.

கீழ் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, குழாயை நகர்த்த முடியாது என்றால் தரையில் நிற்கும் ஒன்-பீஸ் கமோடே போதும். பக்கவாட்டில் வளைவு நெளிவு இல்லாமல் மூடியிருக்கும் மாடலாகப் பாருங்கள், துடைக்கவும் சுலபம். ஆனால் அளவெடுக்கும்போது கவனம்: துளையின் மையத்திலிருந்து இப்போதைய சுவர் வரை அளந்தால் தப்பு. புதுப் பூச்சும் டைல்ஸும் வந்த பிறகு சுவர் எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு அளக்க வேண்டும். முக்கால் இன்ச் குறைந்தால்கூட சிஸ்டர்ன் சுவரில் முட்டி கமோடு உட்காராது.

இனி தண்ணீர் வாட்டம். பாத்ரூமின் அழகைக் கெடுப்பதில் ஈரத் தரைக்கு இணை எதுவுமில்லை. நடுவில் ஒரு ஓட்டையை நோக்கி நாலு பக்கமும் சரிவு கொடுத்தால் டைல்ஸை முக்கோணமாக வெட்ட வேண்டியிருக்கும், கோடுகள் எல்லாம் சிதறும். அதற்குப் பதில் குளிக்கும் பகுதியின் கடைசிச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு லீனியர் டிரெயின், அதாவது நீளமான வடிகால், போடுங்கள். 24 முதல் 36 இன்ச் நீளம் போதும். தரை முழுக்க ஒரே திசையில் சரியும், பெரிய டைல்ஸையும் வெட்டாமல் போடலாம். உலர் பகுதியின் 50 இன்ச்சுக்கு அரை இன்ச் வாட்டம், ஈரப் பகுதியின் 34 இன்ச்சுக்கு அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. இரண்டுக்கும் நடுவே 2 இன்ச் அகல கிரானைட் பட்டி வைத்து, ஈரப் பகுதியை 10 எம்எம் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் திரும்பி வராது. மேலே எழும்பும் கட்டை வேண்டாம். சின்ன இடத்தை அது இரண்டாக உடைத்துக் காட்டும், காலிலும் இடிக்கும். டைல்ஸ் போட்டவுடன், க்ரௌட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) நிரப்பும் முன், ஒரு பக்கெட் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அந்த டைலை அன்றைக்கே எடுத்துத் திரும்பப் போடச் சொல்லலாம். மறுநாள் முடியாது.

லீனியர் டிரெயினுக்கு அடியில் கட்டாயம் நஹானி டிராப் (தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணம்) இருக்க வேண்டும், அதில் 2 இன்ச் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. ஜாலியைத் தூக்கி முடியை எடுக்கிற மாதிரி வாங்குங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங்கை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அது தவறினால் வெளிப்பக்கச் சுவரில் பெயின்ட் உரிந்து, கீழ் வீட்டு சீலிங்கில் கறை படிந்து, ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும். பழைய டைல்ஸை உடைத்த பின் சன்கனில் இருக்கும் நிரப்பலையும் எடுத்துவிட்டு, குழாய் மூட்டுகளைச் சரிபாருங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையால் சரிவாக அணை கொடுத்து, அதன் மேல் ஃபைபர் மெஷ் பட்டி ஒட்டி, இரண்டு பாகம் கலக்கும் பாலிமர் கோட்டிங் இரண்டு கை அடிக்க வேண்டும். முதல் கை படுக்கை வாட்டில், அது காய்ந்த பின் இரண்டாவது கை செங்குத்தாக. எல்லாச் சுவரிலும் 1 அடி உயரம், குளிக்கும் பகுதியில் 7 அடி உயரம். பிறகு டிரெயினை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கோட்டிங்கின் மேல் ஆள் மிதித்தும் மம்பட்டி இழுத்தும் கிழித்துவிடுவார்கள். சோதனை முடிந்த உடனே மேலே மெல்லிய கலவைப் பூச்சு போட்டுக் காத்துவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் விட்டதும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பூச விடாதீர்கள். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் துண்டுக் கம்பி மாட்ட ஓட்டை போடும்போது அந்தப் போட்டோதான் குழாயைக் காப்பாற்றும்.

கன்சீல்டு டைவர்டரில் (தண்ணீரை ஷவருக்கோ ஸ்பவுட் எனும் கீழ்க் குழாய்க்கோ மாற்றிவிடும், சுவருக்குள் புதையும் வால்வில்) பெரும்பாலும் நடக்கும் தவறு, அதன் உடலை அதிக ஆழத்தில் புதைப்பது. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள். டைல்ஸ் முடிந்த பரப்பு அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். உள்ளே போய்விட்டால் கைப்பிடி எட்டாது, தகடு சுவரில் ஒட்டாமல் இடைவெளி தெரியும், அதன் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். டைவர்டரைத் தரையிலிருந்து 40 இன்ச்சில் வையுங்கள். ஷவர் தலை 80 முதல் 84 இன்ச். பெரிய மழை ஷவர் வாங்கும் முன் பிரஷரைப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டி ஷவருக்கு 10 அடி மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார்தான். 8 இன்ச் மழை ஷவருக்கு அது போதாது, சொட்டும். மேல் மாடியில் இருப்பவர்கள் 4 இன்ச் ஷவர் தலையோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

இப்போது டைல்ஸ். கடையில் டார்க், லைட், ஹைலைட்டர் என்று மூன்றும் சேர்ந்த கான்செப்ட் செட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். கீழே அடர் நிறம், நடுவில் பூப்போட்ட பட்டை, மேலே வெளிர் நிறம். 4 அடி அறையில் இது சுவரை மூன்றாக அரிந்துவிடும், கூரை தாழ்ந்து தெரியும். தவிர்த்துவிடுங்கள். தரையிலிருந்து கூரை வரை ஒரே நிறம், ஒரே டைல். மணல் நிறம், ஐவரி, வெளிர் சாம்பல் எதுவானாலும் சரி. தரைக்கு அதே சாயலில் மேட் ஃபினிஷ், வழுக்காத ரகம். வேறுபாடு வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில், குளிக்கும் பகுதியின் கடைசிச் சுவரில் மட்டும் வையுங்கள். அங்கேதான் கதவைத் திறந்ததும் பார்வை போய் நிற்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கறுப்பு பளபளப்பு டைல்ஸும் மேட் பிளாக் குழாயும் வேண்டவே வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும். வீட்டில் சில வாரங்களில் வெள்ளைத் திட்டு படர்ந்து நரைத்துவிடும். குரோம் குழாய் துடைத்தால் உடனே புதிதாகும். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை க்ரௌட் பழுப்பேறும். டைலைவிட ஒரு சாயல் அடர்ந்த க்ரௌட் எடுங்கள்.

அளவு கணக்கு: சுற்றளவு 22 அடி, கூரைக்கு 8 அடி என்றால் 176 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 20 கழித்தால் சுமார் 155. சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 170. 300-க்கு 600 எம்எம் டைல்ஸ் ஐந்து கொண்ட ஒரு பெட்டி 9.7 சதுர அடி. 18 பெட்டி வேண்டும். தரை 28 சதுர அடி. அதற்கும் 10 சதவீதம். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒன்றுதானா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். ஒட்டிய பிறகு தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது. வேலை முடிந்த பின் ஒரு பெட்டியை லாஃப்ட்டில் போட்டு வையுங்கள், அந்த ஷேடு மறுபடி கிடைக்காது.

ஒட்டுவதற்கு சிமென்ட் பால் வேண்டாம். விட்ரிஃபைடு டைல் தண்ணீரைக் குடிக்காது, அதனால் சிமென்ட் அதைப் பிடிக்காது. சின்ன பாத்ரூமில் டைல் அடிசிவுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. கலவை வைத்து ஒட்டினால் ஒரு பக்கத்துக்கு முக்கால் முதல் 1 இன்ச் போகும். அடிசிவ் 5, 6 எம்எம்மில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1 இன்ச்சுக்கு மேல் அகலம் மிச்சம். ஆனால் அடிசிவ் கோணலைச் சரி செய்யாது. பூச்சிலேயே தூக்குக்குண்டு விட்டு, மட்டக்கோல் வைத்துச் சுவரை நேராக்கி, மேல் பரப்பைச் சொரசொரப்பாக விட வேண்டும். 20 கிலோ பை ஒன்று 3 எம்எம் கனத்தில் 45 சதுர அடிக்கு மேல் வரும். நடைமுறையில் கனம் ஏறும். ஐந்து பை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பற்கரண்டியால் முழுக்க இழுத்துத் தடவ வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். நடுவில் வெற்றிடம் நிற்கும், அதில் தண்ணீர் தங்கும், ஒரு நாள் டைல் கழன்று விழும். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக் கொடுக்கும்.

கோடுகள்தான் இந்த வேலையின் உயிர். டைல்ஸ் போடுபவர் வழக்கமாகக் கதவோரத்திலிருந்து முழு டைலாகத் தொடங்கி, எதிர் மூலையில் மிஞ்சுவதை வெட்டிச் சேர்ப்பார். கதவைத் திறந்ததும் தெரியும் கடைசிச் சுவரில் 2 இன்ச் துண்டு நிற்கும். முன்கூட்டியே சுவருக்குச் சுவர் வரைந்து கொடுங்கள். கடைசிச் சுவரில் நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் போகட்டும். வெட்டுத் துண்டுகள் கதவு இருக்கும் சுவரோரம் ஒளியட்டும். தரையின் கோடும் சுவரின் கோடும் ஒன்றையொன்று தொட வேண்டும். லெட்ஜின் மேல்மட்டம் ஒரு படுக்கைக் கோட்டில் வந்து நிற்க வேண்டும், டைவர்டரின் மையம் ஒரு டைலின் நடுவிலோ கோட்டிலோ விழ வேண்டும். மாடம் வைப்பதானால் ஒரு டைலின் அளவுக்கே, 1 அடிக்கு 2 அடி, ஆழம் நாலு இன்ச். அதை 9 இன்ச் சுவரில் மட்டும் வையுங்கள்; நாலரை இன்ச் சுவரைக் குடைந்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். மாடத்தின் அடிப்பலகைக்கு வெளிப்புறமாக 3 எம்எம் சரிவு கொடுக்காவிட்டால் சோப்பு ஊறிக்கொண்டே கிடக்கும்.

2 எம்எம் ஸ்பேசரும் (இடைவெளியைச் சமமாக வைக்கும் துண்டு) லெவலிங் கிளிப்பும் (டைல்களை ஒரே மட்டத்தில் பிடிப்பது) போடச் சொல்லுங்கள். வெளிமூலைகளில் பிளாஸ்டிக் பீடிங் மலிவாகத் தெரியும். 45 டிகிரி வெட்டிச் சேர்த்து எபாக்ஸியால் நிரப்பலாம், அல்லது மெல்லிய ஸ்டீல் புரொஃபைல் வைக்கலாம். க்ரௌட் ஈரப் பகுதியில் எபாக்ஸிதான். போட்டதும் அதன் படலத்தைக் கையோடு துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் டைல் மேல் மங்கலாக இறுகி, எதற்கும் போகாது.

குளிக்கும் பகுதிக்குத் திரைத்துணி வேண்டாம். 8 எம்எம் டஃபன்ட் (கடினமாக்கிய) கண்ணாடி, கதவில்லாமல் அசையாத ஒரே பலகையாக 24 இன்ச் அகலத்தில் நிறுத்தினால் மீதி 24 இன்ச் நுழைய வழி. டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. டைல்ஸ் முடிந்த பின் மேலும் கீழும் நடுவிலும் அளந்து ஆர்டர் கொடுங்கள். உப்புத் தண்ணீராக இருந்து, தினமும் வைப்பரால் இழுத்துவிட ஆளில்லை என்றால் கண்ணாடியே வேண்டாம். கறை படிந்த கண்ணாடியைவிட வெறும் கிரானைட் பட்டி எவ்வளவோ மேல்.

பேசினுக்கு மேலே முகக்கண்ணாடியைச் சின்ன சட்டமாக மாட்டாமல், லெட்ஜின் மேலிருந்து 7 அடி வரை, பேசினும் கமோடும் சேர்ந்த முழு 50 இன்ச்சுக்கும் ஒரே பலகையாக ஒட்டுங்கள். இடம் இரட்டிப்பாகத் தெரியும். ஓரம் கறுப்பது ஈரத்தால் மட்டுமல்ல. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் பின்பூச்சை அரித்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். அடிவிளிம்பு கிரானைட்டைத் தொடாமல் 3 எம்எம் தள்ளி நிற்கட்டும்.

வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் நீலவெள்ளை வேண்டாம், தோலும் டைலும் வெளிறும். 4000 கெல்வின் பொருந்தும். கூரையில் ஒரு விளக்கு மட்டும் போட்டால் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்; கண்ணாடியின் இரு ஓரமும் கண் மட்டத்தில் விளக்கு வையுங்கள். சுவரை உரசி இறங்கும் விளக்கு படத்தில் அழகு, ஆனால் டைல்ஸின் ஒவ்வொரு ஏற்றத்தாழ்வையும் நிழலாகக் காட்டிவிடும்.

கீசரை லாஃப்ட்டிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ மறைக்க வேண்டுமானால் படுக்கை மாடலாகவே வாங்க வேண்டும். நிற்கும் கீசரைப் படுக்க வைக்கக் கூடாது. இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு வகை இருக்கிறது. குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். சேஃப்டி வால்விலிருந்து ஒரு குழாயைக் கீழே டிரெயினுக்கு விடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் ஆள் கையும் தலையும் நுழையும் அளவுக்கு 18 இன்ச் திறப்பு வேண்டும், பலகை ஜிப்சம் அல்லாமல் பிவிசி அல்லது கால்சியம் சிலிகேட்டாக இருக்க வேண்டும். 16 ஆம்பியர் சுவிட்ச் கதவுக்கு வெளியே, லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேன் 6 இன்ச் போதும். ஆனால் கதவுக்கு அடியில் அரை இன்ச் இடைவெளி இல்லையென்றால் ஃபேன் சுற்றினாலும் காற்று நகராது.

எல்லாம் செய்தபின் ஒரு சிவப்பு பக்கெட்டும் பச்சை மக்கும் வந்து நடுவில் உட்காரும். நம் வீடுகளில் பக்கெட் இல்லாமல் முடியாது, அதனால் அதற்கும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்: குளிக்கும் பகுதியின் மூலையில், டைவர்டரின் ஸ்பவுட்டுக்கு நேர் கீழே. பக்கெட் தாராளமாக நுழைய ஸ்பவுட் தரையிலிருந்து 20 முதல் 24 இன்ச்சில் இருக்கட்டும். சுவரின் நிறத்திலேயே சாம்பல் அல்லது வெள்ளை பக்கெட், மக். துண்டுக்கு ஹூக் கதவின் பின்பக்கம். பேப்பர் ஹோல்டர், ஹெல்த் ஃபாசெட், ஹூக் எல்லாம் குழாயின் அதே ஃபினிஷில், ஒரே கம்பெனியில் வாங்குங்கள். குரோமிலும் கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும்.

கழுவ ஆசிட் மட்டும் கூடாது. ஆசிட் சிமென்ட் க்ரௌட்டைத் தின்னும், குரோமை உரிக்கும், டிரெயின் ஜாலியில் துரு ஏற்றும். உப்புக் கறைக்கு வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் பத்து நிமிடம் போர்த்தி வைத்துத் துடைத்தால் போகும். கண்ணாடிக்கும் குழாய்க்கும் அதுவே. பளிங்கு வைத்திருந்தால் அதில் வினிகரும் படக் கூடாது. சிஸ்டர்ன் ஒழுகினால் லெட்ஜை உடைக்க வேண்டியதில்லை, ஃபிளஷ் பிளேட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அந்தத் துளை வழியாகவே வெளியே வரும். அதனால் ஸ்பேர் பார்ட்ஸ் உங்கள் ஊரில் கிடைக்கும் பிராண்டாகப் பார்த்து சிஸ்டர்ன் வாங்குங்கள், பில்லையும் மாடல் நம்பரையும் குழாய்ப் போட்டோக்களுடன் சேர்த்து வையுங்கள்.